வீட்டு வாசலில் சிபிலுக்கு என்ன வேலை?

பெங்களூரில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு புது அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. பணவிஷயம் எழுதும் பத்திரிகைப் பக்கங்கள், யூடியூப் ஆலோசகர்கள், கடன் விற்கும் ஆப்கள், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: வீடு பார்க்கக் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே சிபில் ஸ்கோரைத் தூக்கி நிறுத்து, 750க்கு மேல் இருந்தால் ஓனர் மறுபேச்சு பேசமாட்டார், 600க்குக் கீழே போய்விட்டால் நல்ல அபார்ட்மென்ட்டை மறந்துவிடு. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவன் வாடகையையும் ஒழுங்காகக் கட்டுவான் என்ற நம்பிக்கைதான் இதன் அஸ்திவாரம்.

அஸ்திவாரமே சரியில்லை என்பது என் வாதம். மோசமான ஸ்கோரைச் சரிசெய்ய வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சரிசெய்யத்தான் வேண்டும், நாளைக்கு வாங்கப்போகும் கடனுக்கு வட்டி குறையும், ராத்திரி தூக்கம் வரும். ஆனால் வாடகை வீட்டின் வாசலில் அந்த எண்ணுக்கு வேலையே கிடையாது. அந்த எண்ணுக்கு வாடகையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை எடுத்துப் பார்க்கும் உரிமையைச் சட்டம் ஓனருக்குக் கொடுக்கவில்லை. ஓனருக்கு வேண்டிய பாதுகாப்பையோ, ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸாக முதல் நாளே அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அதற்கு மேலும் ஸ்கோரைக் காட்டு என்பது அநியாயம். அந்த அநியாயத்துக்கு உன்னைத் தயார்படுத்திக்கொள் என்று சொல்வது அறிவுரையே அல்ல.

ஸ்கோர் கேட்கும் பழக்கம் இன்னும் ஊர் முழுக்கப் பரவிவிடவில்லை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் மாடியில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடும் ஓனர்கள் பழைய கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்: எந்த ஊர், எங்கே வேலை, எத்தனை பேர், சைவமா அசைவமா, கல்யாணம் ஆகிவிட்டதா. பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கத்து அபார்ட்மென்ட்களில், ஓனர் வெளிநாட்டில் இருக்க, வீட்டை வேறொரு கம்பெனி பார்த்துக்கொள்ளும் இடங்களில்தான் இது தலைகாட்டுகிறது. ஆதார், பான், ஆஃபர் லெட்டர், மூன்று மாத சாலரி ஸ்லிப் என்று நீளும் பட்டியலின் கடைசியில் சிபில் ஸ்கிரீன்ஷாட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் இப்போதே பேச வேண்டும் என்கிறேன். பத்து மாத அட்வான்ஸும் ஒரு காலத்தில் யாரோ சிலர் கேட்டதுதான். கொடுத்துக் கொடுத்து அதை ஊர் வழக்கம் ஆக்கிவிட்டோம்.

இந்த அறிவுரை பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே வீட்டுக்காரர் விண்ணப்பதாரரின் கடன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பது பல காலமாக நடப்பது. ஆனால் அந்த வழக்கத்தோடு ஒரு சட்டமும் கூடவே இருக்கிறது. நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் என்று 1970ல் கொண்டுவந்தார்கள். அறிக்கையைப் பார்த்துவிட்டு வீடு தர மறுத்தால், அந்த விஷயத்தை விண்ணப்பித்தவருக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று பெயர் சொல்ல வேண்டும். அவர் அந்த அறிக்கையை இலவசமாக வாங்கிப் பார்த்து, தப்பு இருந்தால் மறுத்துப் பேசலாம். டெபாசிட்டுக்கும் பல மாநிலங்களில் உச்சவரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. கையில் ஒரு மாத டெபாசிட் மட்டும் வைத்திருப்பவர், வருகிறவர் யார் என்று துருவிப் பார்ப்பதில் ஓரளவு அர்த்தம் உண்டு. நம் ஊர் ஆலோசகர்கள் அங்கிருந்து கேள்வியை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறார்கள். அங்கே குடியிருப்போருக்கு உள்ள உரிமைகளும் அங்குள்ள டெபாசிட் வரம்பும் கப்பலில் ஏறவில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் அதன் கீழ்தான் ரிசர்வ் வங்கியின் உரிமத்தோடு இயங்குகின்றன. ஒருவருடைய கடன் தகவலை யார் யார் பார்க்கலாம் என்று அந்தச் சட்டமும் அதையொட்டிய விதிகளும் வரையறுத்திருக்கின்றன: வங்கிகள், நிதி நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், தொலைபேசி நிறுவனங்கள் என்று போகிறது பட்டியல். வாடகைக்கு வீடு விடுகிறவர் அதில் இல்லை. அனுமதி இல்லாமல் பார்த்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது 22ஆம் பிரிவு. அனுமதியில்லாமல் கிடைத்த தகவலை எந்தக் காரியத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதனால்தான் ஓனர் தானாக எடுப்பதில்லை. உங்களையே எடுத்து அனுப்பச் சொல்கிறார். உங்கள் அறிக்கையை நீங்களே ஒருவரிடம் காட்டுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சம்மதித்துத்தானே கொடுத்தீர்கள் என்று வாதம் வரும். மாதக் கடைசிக்குள் பழைய வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, பார்த்த ஏழெட்டு வீட்டில் இது ஒன்றுதான் கைக்கு எட்டும் வாடகை. அந்த நேரத்தில் கொடுக்கிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? கடன் தகவலைப் பார்ப்பவர்களின் பட்டியலை நாடாளுமன்றம் சுருக்கி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த அறிக்கையில் உங்கள் பான் எண், பழைய விலாசங்கள், போன் நம்பர்கள், எந்த வங்கியில் எவ்வளவு பாக்கி என்ற விவரம் எல்லாம் இருக்கும். 2017ல் அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலேயே சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே காப்பாற்ற முடியாததை, புரோக்கரின் வாட்ஸ்அப்பில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

சட்டத்தை விடுங்கள், அந்த எண் எதை அளக்கிறது என்று பார்ப்போம். சிபில் அறிக்கையை ஒருமுறையாவது நிதானமாகத் திறந்து பாருங்கள். மேலே 300க்கும் 900க்கும் நடுவில் ஓர் எண். கீழே ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் மாதவாரியாகச் சின்னச் சின்னப் பெட்டிகள்: தவணை நாளில் கட்டியிருந்தால் 000, முப்பது நாள் தாமதித்திருந்தால் 030, வங்கி தகவலே அனுப்பாத மாதத்தில் வரிசையாக எக்ஸ் எழுத்துகள். அதன் பிறகு கிரெடிட் கார்டில் எவ்வளவு வரம்பு, எவ்வளவு செலவு. கடைசியில், எந்தெந்த வங்கி உங்களைப் பற்றி எந்தத் தேதியில் விசாரித்தது என்ற பட்டியல். இவ்வளவுதான். வருஷக்கணக்காக மாதம் பிறந்ததும் ஐந்தாம் தேதிக்குள் கூகுள் பேயில் அனுப்பிய வாடகை அதில் எந்தப் பெட்டியிலும் இருக்காது. கரன்ட் பில்லை ஒரு மாதம் கூடத் தவறவிடாதது இருக்காது. வீட்டைக் காலி செய்தபோது சுவரில் ஒரு ஆணித்துளை கூட இல்லாமல் ஒப்படைத்தது இருக்காது. ஓனர் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாரோ அது ஒன்றுமே அங்கே இல்லை.

அங்கே இருப்பவை எப்படி வந்தன என்றும் யோசிக்க வேண்டும். மச்சான் பைக் வாங்கும்போது கியாரன்டி கையெழுத்துப் போட்டவருக்கு, மச்சான் தவணை தவறினால் இவர் ஸ்கோர் இறங்கும். தர்மபுரியிலிருந்து கல்விக்கடன் வாங்கிப் படித்த பெண்ணுக்கு, படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை தொடங்கிவிடும். வேலை அதற்குள் கிடைத்திருக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்பாவின் ஆஞ்சியோவுக்கு கார்டைத் தேய்த்தவருக்கு, ஒரு தவணை கூடத் தவறாவிட்டாலும், கார்டு வரம்பில் பெரும்பகுதியைச் செலவழித்த குற்றத்துக்காகவே ஸ்கோர் குறையும். இன்னொரு பக்கம், வாழ்நாளில் கடனே வாங்காத ரிட்டயர்டு ஆசிரியருக்கு ஸ்கோரே கிடையாது. வீட்டுச் செலவை முழுக்கக் கணவன் பெயரில் வைத்து நடத்திவிட்டு, விவாகரத்துக்குப் பின் தனியாக வீடு தேடும் பெண்ணுக்கும் அதே கதிதான். இவர்களில் வாடகை தராமல் ஏமாற்றப்போகிறவர் யார்? அந்த எண்ணைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

வாடகையும் கடன் தவணையும் ஒன்று அல்ல என்பது நெருக்கடியில் மாட்டிய எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். வேலை போனால் முதலில் நிற்பது கிரெடிட் கார்டு. அப்புறம் பர்சனல் லோன். வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும்தான் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். கார்டு கம்பெனிக்காரன் போனில்தான் கத்துவான். ஓனர் கீழ்வீட்டில் இருக்கிறார், தினமும் முகத்தில் விழிக்க வேண்டும். வாடகையைத் தவறாமல் கொடுத்ததாலேயே கார்டு பாக்கி ஏறி, ஸ்கோர் சரிந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அப்படிப்பட்டவரிடம் ஸ்கோரைக் கேட்டு வீடு மறுப்பது, அவருடைய நாணயத்துக்கே தண்டனை கொடுப்பது.

இனி அட்வான்ஸுக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான்.

மாதம் 25,000 ரூபாய் வாடகையில் ஒரு இரண்டு பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய பத்து மாத வழக்கப்படி இரண்டரை லட்சம் அட்வான்ஸ். இப்போது பல ஏரியாக்களில் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறது. ஆறு மாதம் என்றால் ஒன்றரை லட்சம். முதல் மாத வாடகை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்ற வண்டி எல்லாம் தனி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன ஒருவரிடம் ஒன்றரை லட்சம் சும்மா கிடக்குமா? கிடக்காது. பர்சனல் லோன் போடுவார். 14 சதவீத வட்டியில் இரண்டு வருஷத்துக்கு வாங்கினால் மாதம் சுமார் 7,200 ரூபாய் தவணை. வாடகையும் தவணையும் சேர்த்து 32,000 ரூபாய்க்கு மேல் வெளியே போகும். அப்புறம் ஒரு மாதம் ஊரில் ஒரு சாவு, ஒரு மாதம் ஆபீஸில் சம்பளத் தாமதம். 000 என்றிருந்த பெட்டியில் 030 ஏறும். இரண்டு வருஷம் கழித்து ஓனர் வாடகையை ஏற்ற, அவர் அடுத்த வீடு தேடுவார். அந்த வீட்டு ஓனர் கேட்பார்: உங்கள் சிபில் ஏன் இவ்வளவு குறைச்சல்?

வீட்டுக்காகத்தான் அந்தக் கடனே வந்தது. அதே கடனைக் காட்டி அடுத்த வீட்டை மறுக்கிறார்கள். ஒன்றரை லட்சத்தை ஓனர் தன் கையில் வைத்திருக்கும் காலமெல்லாம் அதற்கு அவர் ஒரு பைசா வட்டி தருவதில்லை. ஏழு சதவீதம் என்று போட்டால்கூட வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்கே நடைமுறை. ஆறு மாத வாடகையைக் கையில் வைத்திருப்பவருக்கு, குடியிருப்பவர் மூன்று மாதம் வாடகை தராமல் போனாலும் நஷ்டம் இல்லை. கடன் கொடுத்தவர் யார் என்று பார்த்தால், வட்டியில்லாமல் ஓனருக்குக் கடன் கொடுத்திருப்பவர் குடியிருப்பவர்தான். கடன் கொடுக்கிறவர் கடன் வாங்குகிறவரிடம் ஸ்கோர் கேட்பது உலக வழக்கம். அப்படியானால் பெங்களூரில் ஓனரின் ஸ்கோரைக் குடிவருகிறவர்தான் கேட்க வேண்டும். காலி செய்து மாதக்கணக்காகியும் அட்வான்ஸ் திரும்பி வராமல் நடையாய் நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. இன்றைக்கு ஓனர்கள் சாதி பார்க்கிறார்கள், மதம் பார்க்கிறார்கள், கறி சமைப்பாயா என்று கேட்கிறார்கள், பேச்சிலர் என்றால் கதவைச் சாத்துகிறார்கள், வடகிழக்கிலிருந்து வந்தவர் என்றால் வாடகையை ஏற்றுகிறார்கள். இதற்குப் பதில் ஒரு எண்ணைப் பார்ப்பது நல்லதுதானே? எண்ணுக்குச் சாதி கிடையாதே? படித்தவர்கள் பலர் இதை மனதார நம்புகிறார்கள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். இதற்கு இரண்டு பதில் உண்டு. ஸ்கோர் வந்த இடத்தில் பழைய கேள்விகள் போய்விடவில்லை. 780 ஸ்கோர் வைத்திருக்கும் முஸ்லிம் இளைஞருக்கு வீடு கிடைத்துவிடுகிறதா? சாலரி ஸ்லிப் கேட்கத் தொடங்கியபோதும் சாதிக் கேள்வி நிற்கவில்லை. ஆதார் கேட்கத் தொடங்கியபோதும் நிற்கவில்லை. ஸ்கோரும் வரிசையில் இன்னொரு வடிகட்டியாகச் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மறுப்பதற்கு ஓனருக்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கும். “உங்க ஆளுங்களுக்குத் தரமாட்டோம்” என்று சொல்லக் கூசுகிறவர் “சிபில் பத்தலை” என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, எண்ணுக்குச் சாதி இல்லை என்பதே உண்மையில்லை. யாருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைத்தது, யார் கந்துவட்டியில் காலம் தள்ளினார்கள் என்ற வரலாறு அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. வாடகைக்கு வருகிறவர்களுக்கு மதிப்பெண் போடும் சேஃப்ரென்ட் என்ற நிறுவனத்தின் மீது மாசசூசெட்ஸில் கறுப்பின, ஹிஸ்பானிய மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அரசின் வாடகை உதவி பெறுவோருக்கு, அந்த உதவியைக் கணக்கில் கொள்ளாமல் கடன் வரலாற்றுக்கு அதிக எடை கொடுத்து மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2024 நவம்பரில் 22 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. உதவி பெறுவோருக்கு அந்த மதிப்பெண் முறையை ஐந்தாண்டு பயன்படுத்துவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அவர்களே விட்டு விலகுவதை நாம் புதிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

சின்ன ஓனர்களின் கவலையையும் நான் அற்பமாக நினைக்கவில்லை. கம்மனஹள்ளியில் கணவன் விட்டுப்போன ஒரு வீட்டின் மாடி வாடகையில் வாழும் பெண்மணி இருக்கிறார். ஹோம் லோன் தவணையை வாடகையால் அடைக்கும் நடுத்தரக் குடும்பம் இருக்கிறது. வாடகை தராமல், காலியும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டால் கோர்ட்டில் எத்தனை வருஷம் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. பயம் நியாயமானது. அதற்கு மருந்து சிபில் இல்லை. சீக்கிரம் தீர்ப்புச் சொல்லும் ஒரு வாடகை அமைப்புதான். கர்நாடக வாடகைச் சட்டம் 1999, பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் உள்ள வீடுகளைத் தொடுவதே இல்லை. இன்றைக்கு 3,500 ரூபாய்க்கு இந்த ஊரில் என்ன கிடைக்கும்? ஆக, கிட்டத்தட்ட எல்லா வாடகை வீடுகளும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தையும், பதினோரு மாத அக்ரிமென்ட்டையும் நம்பி நிற்கின்றன. ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான் அந்தப் பதினோரு மாதமே.

மத்திய அரசு 2021 ஜூன் 2ஆம் தேதி மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது, தகராறுகளைத் தீர்க்கத் தனி அதிகாரி, தனி நீதிமன்றம், தீர்ப்புக்குக் காலவரம்பு. ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் சேர்த்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாடு அதற்கு முன்பே 2017ல் தனிச்சட்டம் இயற்றி 2019ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் டெபாசிட் என்கிறது அது. “வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்” என்ற ஓட்டை பெரிதுதான். இருந்தாலும் ஒரு அளவுகோலாவது எழுத்தில் இருக்கிறது. கர்நாடகம் இரண்டு மாத வரம்பை இன்னும் சட்டமாக்கவில்லை. தகவல் தொழில்நுட்பத்துக்குத் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர், நாடெங்குமிருந்து பிள்ளைகளை வேலைக்கு அழைத்துக்கொள்ளும் ஊர், அவர்கள் தலைசாய்க்கும் இடத்துக்கு ஒரு விதி செய்ய இத்தனை வருஷம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்கோர் தன் எல்லையைத் தாண்டி எங்கெல்லாம் நுழைகிறது என்பதும் கவலைக்குரியது. வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, மோசமான கடன் வரலாற்றைக் காட்டி ஸ்டேட் வங்கி ரத்து செய்தது; சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அதைச் சரி என்றது. மக்கள் பணத்தைக் கையாளும் வேலை, விளம்பரத்திலேயே சொன்ன நிபந்தனை என்று அதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆனால் கேரள உயர் நீதிமன்றம் 2023ல் வேறு திசையைக் காட்டியது: ஸ்கோர் குறைவு என்பதற்காக மட்டும் மாணவருக்குக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்றது. கடன் கொடுக்கும் வங்கிக்கே இந்த வரம்பு என்றால், கடனே கொடுக்காத ஓனர் எந்த அதிகாரத்தில் கேட்கிறார்?

வீடு தேடும் அவசரத்தில் ஸ்கோரை உயர்த்தப் போகிறவர்கள் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். முப்பது நாளில் நூறு பாயின்ட் ஏற்றித் தருகிறோம் என்று ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். அவர்களால் செய்ய முடிந்தது எதுவும் நீங்கள் இலவசமாகச் செய்ய முடியாததல்ல. உண்மையாகவே தவறிய தவணையை யாராலும் அழிக்க முடியாது. அந்த வரலாறு குறைந்தது ஏழு வருஷம் பதிவில் இருக்கும். இன்னும் சிலர், வங்கி நீட்டும் செட்டில்மென்ட்டுக்குச் சம்மதித்துப் பாதிப் பணம் கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று நிம்மதி அடைகிறார்கள். அறிக்கையில் அது “செட்டில்டு” என்று ஏறும். முழுதாக அடைத்த “குளோஸ்டு” ஆகாது. அடுத்த வங்கிக்கு அது ஒரு கறுப்புப் புள்ளி. வேறு சிலர் ஒரே வாரத்தில் நாலு வங்கியில் கார்டுக்கு விண்ணப்பித்து, விசாரணைப் பட்டியலை நீட்டி, இருந்த ஸ்கோரையும் இறக்கிக்கொள்கிறார்கள். ஆறு மாதத்தில் வீட்டுக்காக ஸ்கோரைத் தூக்கு என்ற அறிவுரைதான் இவர்களை இந்த அவசரத்துக்குத் தள்ளியது.

நிதானமாகச் செய்தால் வேலை எளிது. நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருக்கிறதா, அடைத்த கடன் இன்னும் திறந்தே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. தப்பு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். முப்பது நாளைக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு; இது 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் மாதம் இருமுறையாவது தகவல் அனுப்பியாக வேண்டும் என்பதால், அடைத்த கடன் அறிக்கையில் ஏற முன்போல் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. கார்டு பாக்கியை வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொண்டு, தவணையை ஆட்டோ டெபிட்டில் போட்டுவிட்டால் மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும். செட்டில்மென்ட் ஆன கடன் என்றால், மீதிப் பணத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி, குளோஸ்டு என்று மாற்றச் சொல்லுங்கள். இதெல்லாம் உங்களுக்காக. எந்த ஓனருக்காகவும் அல்ல.

ஓனரிடம் காட்டுவதற்கு உங்களிடம் இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. பழைய வீட்டு ஓனரிடம், இத்தனை வருஷம் குடியிருந்தார், வாடகை பாக்கி இல்லை என்று நாலு வரி எழுதி வாங்குங்கள். காலி செய்யும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். பிறகு போன் எடுக்கமாட்டார். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் வாடகை போன வரிகளை மட்டும் மார்க்கரால் குறித்து, மற்றதை மறைத்துப் பிரின்ட் எடுத்து வையுங்கள். வாடகையை ரொக்கமாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அடுத்த மாதமே யு.பி.ஐ.க்கு மாறுங்கள், இல்லையென்றால் ரசீது கேளுங்கள். பிறகு ஸ்கோர் கேட்கிறவரிடம் முகம் சுளிக்காமல் சொல்லலாம்: “சார், பழைய ஓனர் நம்பர் தர்றேன், பேசிப் பாருங்க. மூணு வருஷ வாடகை அனுப்பினது இதோ இருக்கு. சிபில் பேங்க் லோனுக்கு சார், அதை நான் வெளியே கொடுக்கிறதில்லை.” முக்கால்வாசிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள், ஏதோ வீடியோவில் பார்த்ததைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். அதற்கும் விடாதவரிடம், ஸ்கோரைக் காட்டுகிறேன், அட்வான்ஸை இரண்டு மாதமாகக் குறைப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

ஆலோசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குடியிருப்பவரைத் திருத்துவதற்கு இவ்வளவு எழுதுகிற நீங்கள், அட்வான்ஸுக்கு வரம்பு வை என்று எத்தனை பத்தி எழுதினீர்கள்? இந்த ஊரில் ஓட்டுரிமை உள்ள தமிழர்கள் சிவாஜிநகரிலிருந்து சர்வக்ஞநகர் வரை ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறோம். அடுத்த முறை எம்.எல்.ஏ. தெருவுக்கு வரும்போது தண்ணீரும் சாக்கடையும் கேட்பதோடு, இரண்டு மாத அட்வான்ஸ் வரம்பையும் வாடகைத் தகராறுக்குத் தனி நீதிமன்றத்தையும் கேளுங்கள். மாதிரிச் சட்டம் 2021லேயே வந்துவிட்டது. விதான சவுதாவில் அதை எடுத்து நிறைவேற்றுவதுதான் பாக்கி. அதுவரை உங்கள் சிபில் அறிக்கையை வங்கியைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள்.